ஹைட்ரஜன்: பொரி மூட்டை போன்ற சரக்கு



தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் வாயு எடுக்கும் சிறு ஆலை தொடங்கப்பட்டது. அதுமுதல் நம் கடைவீதியிலும் இதே பேச்சு. "கேஸ், டீசல் எல்லாம் போய்விடுமாம், ஏஜென்சிக்கு இப்போதே முன்பணம் கட்டலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். சரக்கின் குணம் தெரியாமல் பணம் கட்டுவது வணிகருக்கு அழகல்ல.

இந்தச் சரக்கு பொரி மாதிரி. லாரி நிறைய ஏற்றினாலும் எடை வராது, வாடகை மட்டும் முழுசு. தூத்துக்குடி ஆலை மணிக்கு 10 கன மீட்டர் வாயு தருகிறது. எடை போட்டால் அது ஒரு கிலோகூட இல்லை! ஆனால் ஒரு கிலோ ஹைட்ரஜனில் ஏறக்குறைய 3 கிலோ டீசலின் எரிசக்தி உண்டு. எனவே சரக்கு நல்லதுதான். கட்டி வைப்பதே சிரமம்.

இன்றுள்ள வழிகள் இரண்டு. கார்களில் செய்வதுபோல் காற்றழுத்தத்தைப் போல 700 மடங்கு அழுத்தி உருளையில் அடைக்கலாம். அல்லது மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கலாம். இரண்டிலும் கட்டுக்கூலி அதிகம்.

மூன்றாவது வழி, நுண்துளைப் பொருள்கள். வெறும் தரையில் மூட்டை அடுக்கும் கிடங்கைவிடத் தட்டுகள் போட்ட கிடங்கு அதிகம் கொள்ளும் அல்லவா? அதுபோல் துளைகளின் சுவரில் வாயு ஒட்டிக்கொள்ளும். தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி நீராவியில் பதப்படுத்தினால், ஒரு கிராமுக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கிறது. நம் கணக்கில் 25 சென்ட் நிலம்! தண்ணீர் பில்டரில் இருப்பதும் இந்தக் கரிதான். இதைவிடப் பன்மடங்கு பரப்புள்ள உலோக-கரிமக் கூடுகளை உருவாக்கியதற்காக கிடகாவா, ராப்சன், யாகி ஆகிய மூவருக்கும் 2025இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

குறை என்னவென்றால், இந்த ஒட்டுதல் பலவீனமானது. மைனஸ் 196 டிகிரி குளிரில் 100 கிலோ கரி 2 முதல் 5 கிலோ வரை வாயுவைப் பிடிக்கும். நம் மதுரை வெயிலில் ஒரு கிலோ ஒட்டுவதே அரிது. எனவே இது இன்னும் ஆய்வுக்கூடத்துச் சரக்கு.

ஏஜென்சி என்று வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எதில் அடைத்துத் தருவீர்கள்? எவ்வளவு அழுத்தம்? வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் உரிமம் எங்கே? நேரான பதில் இல்லையேல் கல்லாவைத் திறக்காதீர்கள். அதுவரை சிரட்டையை எரிக்காமல் சேர்த்துக் கரி ஆலைக்காரருக்கு விற்பதே கைமேல் காசு.