கட்ட மறுத்த கைகள்

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு

என் தந்தையார் கொத்தனார். விடுமுறை நாட்களில் அவருக்குக் கையாளாகச் சென்று செங்கல்லும் கலவையும் சுமப்பது என் வழக்கம். இரண்டாண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்ப்புறத்துக் குட்டை ஒன்றை மண் கொட்டி மூடி, அதன்மேல் வரிசையாக வீடுகள் எழுப்பினார்கள். கடைக்கால் போட்டவர்களுள் என் தந்தையும் ஒருவர். நான் நீந்தப் பழகியது அந்தக் குட்டையில்தான். "இதுல கட்டலாமாப்பா?" என்று கேட்டேன். "கட்டச் சொல்றாங்க, கட்டுறோம். எதைக் கட்டணும்னு கூலிக்காரன் கேக்க முடியுமாடா?" என்றார்.

அன்று என்னிடம் விடை இல்லை. பின்னர் நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கேள்வியைத் துணிந்து கேட்ட ஒரு கூலித் தொழிலாளியைப் பற்றி அறிந்தேன். அவர்தாம் ஆஸ்திரேலியக் கட்டடத் தொழிலாளர் தலைவர் ஜாக் மண்டே. அவர் கதையை நம் கல்லூரி நண்பர்களும் அறியவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பந்தாட்டக்காரர் தொழிலாளியானார்

மண்டே 1929-இல் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடபகுதியிலுள்ள மலாண்டா என்னும் சிற்றூரில் பிறந்தார். இளைஞராக அவர் சிட்னி நகருக்கு வந்தது ரக்பி பந்தாட்டத்திற்காக. 1950-களின் தொடக்கத்தில் பாராமட்டா அணியில் ஆடினார். பின்னர் கட்டட வேலையில் சேர்ந்தார். பொதுவுடைமைக் கட்சியில் உறுப்பினரும் ஆனார்.

தச்சரும் கொத்தரும் போல ஒரு தொழிலை முறையாகப் பயின்றவர் அல்லர் அவர். பள்ளம் தோண்டுவது, சுமப்பது, கலவை போடுவது, பழைய கட்டடங்களை இடிப்பது முதலிய வேலைகளைச் செய்யும் கூலித் தொழிலாளருள் ஒருவர். 1960-களில் சிட்னியில் வானளாவிய மாளிகைகள் மளமளவென எழுந்தன. ஆனால் அவற்றை எழுப்பியவர்களுக்கு வேலையிடத்தில் ஒழுங்கான கழிப்பிடம் இல்லை. உடை மாற்ற அறை இல்லை. உயிருக்குப் பாதுகாப்பும் இல்லை. ஒரு மணி நேர அறிவிப்பில் வேலையிலிருந்து விலக்கிவிடலாம்!

இந்நிலையை மாற்றவே மண்டேயும் அவருடைய தோழர்களும் முதலில் பாடுபட்டார்கள். 1968-இல் நியூ சௌத் வேல்ஸ் மாநிலக் கட்டடக் கூலித் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராக மண்டே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1970-இல் ஐந்து வாரம் நடந்த வேலைநிறுத்தத்தால் கூலி உயர்ந்தது. தொழில் பயின்றவர்க்கும் கூலித் தொழிலாளர்க்கும் இடையிலான ஊதிய வேறுபாடு குறைந்தது.

சங்கத்தையும் அவர்கள் மாற்றியமைத்தார்கள். சங்க அலுவலரின் சம்பளம் தொழிலாளியின் கூலியை ஒட்டியே இருக்கவேண்டும்; ஒருவரே ஆண்டுக்கணக்காகப் பதவியில் அமர்ந்திருக்கக் கூடாது என்று விதித்துக்கொண்டார்கள். ஆங்கிலம் அறியாத குடியேறிகளுக்காகக் கூட்டங்களில் மொழிபெயர்ப்பாளர் இருந்தனர். கட்டட வேலையில் பெண்களுக்கும் இடம் கேட்டுப் போராடினார்கள்.

பதின்மூன்று பெண்கள்

அடுத்து நடந்ததுதான் மண்டேயை உலகறியச் செய்தது. சிட்னியின் ஹண்டர்ஸ் ஹில் பகுதியில், ஆற்றங்கரையில், கெல்லீஸ் புஷ் என்றொரு சிறு காடு இருந்தது. அதை அழித்து வீடுகள் கட்ட ஒரு பெரிய நிறுவனம் முற்பட்டது. அப்பகுதிப் பெண்கள் பதின்மூவர் அதைக் காக்கப் புறப்பட்டனர். அவர்கள் வசதியான குடும்பத்தினர். தொழிற்சங்கங்களோடு தொடர்பே இல்லாதவர்கள். நகராட்சியிடம் போனார்கள், சட்டமன்ற உறுப்பினரிடம் போனார்கள், முதலமைச்சரிடமும் முறையிட்டார்கள். பயனில்லை. கடைசியில் கூலித் தொழிலாளர் சங்கத்தின் கதவைத் தட்டினார்கள்.

சங்கம் உடனே தலையசைத்துவிடவில்லை. "இது உங்கள் பதின்மூவரின் விருப்பமா, ஊராரின் விருப்பமா? பொதுக்கூட்டம் கூட்டிக் காட்டுங்கள்" என்ற கருத்தில் பதில் சொன்னது. சுமார் 600 பேர் கூடினார்கள். 1971 ஜூன் மாதத்தில் சங்கம் தடை அறிவித்தது. சங்கத்தில் சேராத ஆட்களைக் கொண்டு வேலையை முடிப்போம் என்றது நிறுவனம். அதே நிறுவனத்துக்காக வேறோரிடத்தில் அலுவலகக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்த தொழிலாளர்கள், கெல்லீஸ் புஷ்ஷில் ஒரு மரம் வெட்டப்பட்டாலும் இந்தக் கட்டடம் அரைகுறையாகவே நின்றுவிடும் என்று தெரிவித்தார்கள். காடு தப்பியது. 1983-இல் அரசு அதை வாங்கிப் பொதுமக்களுக்கு உரியதாக்கியது.

பசுமைத் தடை

முதலாளிக்கு எதிராக வேலையைப் புறக்கணிப்பதை அந்நாட்டார் 'கறுப்புத் தடை' என்பர். மரத்தையும் பழைய வீடுகளையும் காக்கும் இந்தத் தடைக்கு மண்டே 'பசுமைத் தடை' என்று பெயரிட்டார். 1974 வரை நாற்பதுக்கு மேற்பட்ட தடைகள் விதிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் மக்கள் கேட்கவேண்டும், தொழிலாளர் ஒப்பவேண்டும் என்பதே நெறி.

இசைநாடக மாளிகையின் வாகன நிறுத்தத்திற்காகத் தாவரவியல் பூங்காவின் அத்தி மரங்களைப் பலிகொடுக்க முனைந்தபோது தடை விழுந்தது. சென்டெனியல் பூங்காவை விளையாட்டரங்குகளாக மாற்ற நினைத்தபோதும் தடை. 1788-இல் வெள்ளையர் முதன்முதல் குடியேறிய 'தி ராக்ஸ்' பகுதியில் ஏழைகளின் வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாளிகைகள் கட்டத் திட்டமிட்டபோதும் தடை. அங்கே 1973 அக்டோபரில் மறியல் செய்த மண்டேயைக் காவலர்கள் தூக்கிச் சென்றனர். இன்று சிட்னிக்குப் போகிறவர்கள் விரும்பி நடக்கும் பழந்தெருக்கள் அவை!

வேலை கிடைத்தால் போதும் என்றிராமல், தன் உழைப்பால் விளையும் நன்மை தீமைகளுக்கும் தொழிலாளி பொறுப்பேற்க வேண்டும் என்பதே மண்டேயின் கொள்கை.

வீழ்ச்சியும் நிலைபேறும்

பதவிக்கால வரம்பைத் தமக்கும் பொருத்தி, 1973-இல் செயலாளர் பொறுப்பிலிருந்து மண்டே இறங்கினார். மீண்டும் கூலித் தொழிலாளியானார். எத்தனை தலைவர்கள் இவ்வாறு செய்வர்?

ஆனால் 1974-இல் கட்டடத் தொழில் மந்தமடைந்தது. வேலை குறைந்ததும் தடைகளைத் தாங்கும் வலிமையும் குறைந்தது. அவ்வாண்டு அக்டோபரில், நார்ம் கல்லகர் தலைமையிலிருந்த அகில ஆஸ்திரேலிய சங்கம் மாநிலக் கிளையில் தலையிட்டது. 1975-இல் மண்டேயும் தோழர்களும் சங்கத்திலிருந்தே நீக்கப்பட்டார்கள். அவர்களை நீக்கிய கல்லகர், கட்டட முதலாளிகளிடம் கையூட்டுப் பெற்ற குற்றத்திற்காக 1980-களில் சிறை சென்றார் என்பதையும் வரலாறு பதிந்துவைத்திருக்கிறது.

மண்டேயின் பணி வீணாகவில்லை. 1977-இல் நியூ சௌத் வேல்ஸ் அரசு மரபுச் சின்னங்களைக் காக்கச் சட்டம் இயற்றியது. 1984-இல் மண்டே சிட்னி மாநகராட்சி உறுப்பினரானார். 1990-களில் மாநில வரலாற்று இல்லங்களின் அறக்கட்டளைக்குத் தலைவரானார். ஒரு காலத்தில் காவலர் தூக்கிச் சென்ற அதே 'ராக்ஸ்' பகுதியில் ஓரிடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2020 மே மாதம், தம் 90-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

தந்தையின் கேள்வி

இவ்வளவையும் ஓர் இரவு என் தந்தைக்குச் சொன்னேன். கடைசிவரை கேட்டவர், "மாட்டேன்னு சொன்ன நாளுக்குக் கூலி யாரு குடுத்தா?" என்றார்.

நான் படித்தவற்றில் ஆழமான கேள்வி அதுவே என்று தோன்றியது. சிட்னித் தொழிலாளர் ஓரிடத்தில் வேலையை மறுத்தால், அந்நாளில் வேறிடத்தில் வேலை கிடைத்தது. அவர்கள் பின்னே சுமார் 11,000 பேர் கொண்ட சங்கம் நின்றது. முதலில் கூலியை உயர்த்தினார்கள். பிறகே மரத்தைக் காத்தார்கள். வேலை அருகியபோது, தலைமையும் பறிபோனபோது, அந்தக் கை தளர்ந்தது. காலையில் சந்தியில் நின்று அன்றன்றைக்கு வேலை தேடுகிறவர் தனியாக எதை மறுக்க முடியும்?

ஆகவே குட்டையை மூடியதற்கு என் தந்தையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நீரையும் மரத்தையும் காப்போம் என்று பேசும் மாணவர்களாகிய நாம், அவற்றை அழிக்கும் வேலையன்றி வேறு வேலை கிடைக்காதவரின் கூலியைப் பற்றியும் சேர்த்தே பேசவேண்டும். மறுக்கும் உரிமை வயிற்றுக்கு உறுதி கிடைத்த பிறகே வரும். அந்தப் பதின்மூன்று பெண்களும் தொழிலாளரும் கைகோத்த இடத்தில்தான் அந்தச் சிறு காடு பிழைத்தது.