தகர டப்பா கம்பெனிக்குத் தலைவரான ஷாங்காய் பையன்

பழத்துண்டு, பட்டாணி, மீன் ஆகியவற்றைத் தகர டப்பாவில் அடைத்து விற்பதைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட டப்பாக்களைச் செய்வதற்காகவே 1901ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது ‘அமெரிக்கன் கேன்’ கம்பெனி. அந்நாட்டின் 30 பெரிய கம்பெனிகள் அடங்கிய ‘டோ ஜோன்ஸ்’ பட்டியலில் அதற்கும் இடம் இருந்தது. 1986ல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் ஜெரால்டு சாய். அந்தப் பட்டியலில் இருந்த ஒரு கம்பெனிக்குச் சீன வம்சாவளியினர் ஒருவர் தலைவரானது அதுவே முதல் முறை.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? 1882ல் தொடங்கி 1943 வரை, சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவில் குடியேறச் சட்டமே தடை போட்டிருந்தது. தடை நீங்கிய பிறகும், ஆண்டுக்கு 105 சீனர்கள் மட்டுமே குடியேறலாம் என்றார்கள். அப்படிப்பட்ட காலத்தில், 1947ல், படிப்பதற்காக அங்கே போய் இறங்கியவர் சாய்.

அவர் 1929ல் ஷாங்காய் நகரில் பிறந்தார். அப்பா ஃபோர்டு கார் கம்பெனியில் வேலை பார்த்தார். அம்மா ரூத், அப்பாவையும் மிஞ்சியவர்! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஆண்களே நிறைந்திருந்த ஷாங்காய் பங்குச் சந்தையில் துணிச்சலாக வியாபாரம் செய்தார். மகனுக்கு முதல் பாடம் வீட்டிலேயே கிடைத்துவிட்டது.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்த சாய், 1952ல் ‘ஃபிடெலிட்டி’ என்ற நிறுவனத்தில் சேர்ந்தார். அது பரஸ்பர நிதி நடத்தும் நிறுவனம். பரஸ்பர நிதி என்றால்? உங்கள் வகுப்பில் 40 பேர் ஆளுக்கு 10 ரூபாய் போட்டு, விவரம் தெரிந்த ஓர் அண்ணனிடம் 400 ரூபாயைக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நல்ல கம்பெனிகளாகப் பார்த்துப் பங்கு வாங்குவார். லாபம் வந்தால் 40 பேருக்கும் பங்கு. நஷ்டம் வந்தாலும் 40 பேருக்கும்தான். ஆனால் அண்ணனுக்கு மட்டும் இரண்டு சமயத்திலும் கூலி உண்டு! இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த அண்ணன் வேலையில் சாய் கெட்டிக்காரர். படம் எடுத்த உடனேயே கையில் தரும் கேமராவைச் செய்த ‘போலராய்டு’ போன்ற புதுக் கம்பெனிகளின் பங்குகளை மொத்தமாக வாங்குவார். விலை ஏறியதும் சட்டென்று விற்றுவிடுவார். அவருடைய புகழ் பரவியது. ஆனால் ஃபிடெலிட்டியின் முதலாளி, தமக்குப் பிறகு தம் மகன்தான் தலைவர் என்று சொல்லிவிட்டார். எனவே 1965ல் சாய் விலகி நியூயார்க் போனார்.

மறு ஆண்டே ‘மன்ஹாட்டன் ஃபண்ட்’ என்ற சொந்த நிதியைத் தொடங்கினார். இரண்டரை கோடி டாலர் சேரும் என்று எதிர்பார்த்தார். சேர்ந்ததோ 24 கோடியே 70 லட்சம் டாலர்! எத்தனை மடங்கு என்று வகுத்துப் பாருங்கள். அத்தனையும் சாய் என்ற பெயரை நம்பி மக்கள் கொடுத்த சேமிப்பு.

முதலில் நிதி நன்றாகவே வளர்ந்தது. 1968ல் தடுமாறத் தொடங்கியது. அந்த ஆண்டே சாய் தம் நிறுவனத்தை ‘சி.என்.ஏ.’ என்ற காப்பீட்டு நிறுவனத்துக்கு விற்றார். அவருக்குக் கோடிக்கணக்கான டாலர் கிடைத்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் பங்குச் சந்தை சரிந்தது. மன்ஹாட்டன் ஃபண்டில் பணத்தை விட்டு வைத்திருந்தவர்கள் அதில் பெரும்பகுதியை இழந்தார்கள். சாய் சட்டத்தை மீறவில்லை. சந்தை இறங்கியதும் அவருடைய குற்றமில்லை. ஆனாலும் ஓய்வுக்காலத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த ஒருவர் அன்று என்ன நினைத்திருப்பார்? அவருடைய பெரிய வெற்றிகளைப் படிக்கும்போதும் எனக்கு இந்த இடம் உறுத்தத்தான் செய்கிறது.

சாய் சோர்ந்து உட்காரவில்லை. தபால் மூலம் ஆயுள் காப்பீடு விற்கும் ஒரு நிறுவனத்தை வாங்கி வளர்த்தார். அதை 1982ல் அமெரிக்கன் கேன் வாங்கியபோது சாயும் கூடவே அங்கே போனார். நான்கே ஆண்டுகளில் தலைவர்! உடனே என்ன செய்தார் தெரியுமா? டப்பா செய்யும் தொழிலையே விற்றுவிட்டார்! 1987ல் கம்பெனியின் பெயரை ‘ப்ரைமெரிக்கா’ என்று மாற்றினார். அதே ஆண்டு ‘ஸ்மித் பார்னி’ என்ற முதலீட்டு வங்கியை 75 கோடி டாலருக்கு வாங்கினார். முதலீட்டு வங்கி, பாஸ்புக் வைத்துப் பணம் போட்டு எடுக்கும் நம் தெரு வங்கி போன்றது அல்ல. கம்பெனிகள் பங்கு விற்றுப் பணம் திரட்டவும், வேறு கம்பெனிகளை வாங்கவும் உதவுவது.

நேரம் சரியில்லை. வாங்கிய சில மாதங்களிலேயே, 1987 அக்டோபர் 19 அன்று, டோ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் சரிந்தது. காலையில் 100 டாலர் வைத்திருந்தவரிடம் மாலையில் 78 டாலர்கூட இல்லை! ப்ரைமெரிக்காவும் அடி வாங்கியது. 1988ல் அது வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியது.

சாய் 2008 ஜூலையில் நியூயார்க்கில் காலமானார். அப்போது அவருக்கு வயது 79. ஸ்மித் பார்னி என்ற பெயரும் பிறகு மறைந்துவிட்டது. டப்பா கம்பெனிக்குச் சூட்டப்பட்ட ப்ரைமெரிக்கா என்ற பெயர் மட்டும், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர்ப் பலகையில் இன்னும் இருக்கிறது.