முதலில் கூட்டத்தைக் கலைக்க வேண்டும்

திருப்பூர் காவலர்களுக்கு மனநல நெருக்கடியைக் கையாளும் பயிற்சி கொடுக்க நினைப்பவர் முதலில் போக வேண்டிய இடம் தாராபுரம் சாலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இரவு இரண்டு மணிக்குப் போலீஸ் ஜீப்பில் ஒருவர் வந்தால் யார் கையெழுத்துப் போட்டுச் சேர்ப்பது, மனநல மருத்துவர் வரும்வரை யார் பார்ப்பது, எந்த வார்டு? இதற்கெல்லாம் நிலைய மருத்துவ அலுவலரான ஆர்.எம்.ஓ.விடமும் மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடமும் பதில் வாங்கிவிட வேண்டும். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1987-ல் மனநோயால் தவித்த ஓர் இளைஞரை, அவருடைய தாய் உதவிக்குக் கூப்பிட்டு வந்த போலீசாரே சுட்டுக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு அங்கே தொடங்கிய 40 மணி நேரப் பயிற்சி பல நாடுகளுக்கு முன்மாதிரியானது. காவலர் கூட்டிவருபவரைக் காக்க வைக்காமல், திருப்பி அனுப்பாமல் ஏற்றுக்கொள்ள ஒரு மருத்துவமனை சம்மதித்ததால்தான் அந்தப் பயிற்சி நிலைத்தது. அந்தக் கதவு திறக்காத ஊரில் காவலருக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும், கடைசியில் அவர் ஸ்டேஷனுக்குத்தான் திரும்பி வருவார்.

அடுத்து சட்டம். இதற்கு ஒரு மணி நேரம் போதும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 100: மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிபவரையும், தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் இருப்பவரையும் நிலையப் பொறுப்பு அதிகாரி பாதுகாப்பில் எடுக்க வேண்டும். ஏன் எடுக்கிறோம் என்பதை அவரிடமே சொல்ல வேண்டும். கூடிய சீக்கிரம், 24 மணி நேரத்துக்கு மேல் போகாமல், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. 1987-ம் ஆண்டின் பழைய மனநலச் சட்டப்படி மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியே பழகிய மூத்த ஏட்டய்யாக்களுக்கு இதை இரண்டு தடவை சொல்வது நல்லது.

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது அதே சட்டத்தின் பிரிவு 115. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவே இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திப்பதற்காகத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226-ல் குற்றமாக நிற்கிறது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மண்ணெண்ணெய் கேனைப் பிடுங்கும் காவலர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். அங்கேயும் வழக்கு எழுதுவதற்கு முன்னால் மருத்துவரிடம் காட்டுவதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம்.

மீதி நேரத்தில் பெரும்பகுதி நடித்துப் பார்ப்பதற்கு. சனிக்கிழமை சம்பள நாள், ராத்திரி, பனியன் கம்பெனி வாசல் என்று வைத்துக்கொள்வோம். ஒடிசாவிலிருந்து வந்து நாலு நாளான இளைஞர், கையில் பிசிறு வெட்டும் கத்தரி. தன்னை யாரோ கொல்ல வருகிறார்கள் என்று கத்துகிறார். ஓர் இளம் காவலர் அவராக நடிக்கட்டும். பத்துப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்த கூட்டமாக நிற்கட்டும்.

வந்து இறங்கியதும் சைரனையும் சுழல் விளக்கையும் அணைக்க வேண்டும். பிறகு கூட்டம். ஆளிடம் பேச ஆரம்பிக்கும் முன்பே கூட்டத்தைத் தள்ளி நிறுத்த வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, பழவேற்காட்டில் வீடில்லாத ஒருவரைக் கும்பல் அடித்தே கொன்றது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது திருப்பூரே பதறியது. விளங்காத மொழியில் கத்துகிற ஒருவரைச் சுற்றி இந்த ஊரில் கூட்டம் சேர்ந்தால், அது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி பேசுவது ஒருவர் மட்டும். அவர் லத்தியை ஜீப்பிலேயே விட்டுவிட்டு, இரண்டு ஆள் தூரம் தள்ளி, கைகள் தெரியும்படி நிற்க வேண்டும். கத்தரியைக் கவனிக்க இன்னொருவர் வாய் திறக்காமல் பக்கத்தில் நிற்பார். பயிற்சிக்காக இருவரும் பெரும்பாலும் தமிழிலேயே பேசட்டும்.

“தம்பி, என் பேரு செந்தில். போலீஸ்தான், உன்னை அடிக்க வரலை. டரோ மத் (பயப்படாதே). பானி பியோ (தண்ணீர் குடி).”

“அவனுங்க வர்றானுங்க!”

“எனக்கு யாரும் கண்ணுக்குத் தெரியலை. ஆனா நீ ரொம்ப பயந்திருக்கேன்னு தெரியுது. நான் இங்கயேதான் நிக்கிறேன்.”

பெரும்பாலானவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். “இங்க ஒருத்தனும் இல்லையேடா” என்று வாதாடினால் நாமும் எதிரி ஆகிவிடுவோம். “ஆமா, அவங்களைப் பிடிச்சிட்டோம்” என்று ஒத்து ஊதினால் அடுத்த நிமிஷமே பொய் வெளுத்துவிடும். இன்னொரு தவறு, ஒரு கேள்விக்குப் பதில் வருவதற்குள் அடுத்ததைக் கேட்பது. பயிற்றுநர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு இருபது நொடி பேசாமல் நிற்கச் சொல்ல வேண்டும். அதட்டியே பழகிய குரலுக்கு அது சுலபமில்லை. திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும். சாக நினைக்கிறாரோ என்று தோன்றினால் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

மொழிபெயர்க்க யாரைக் கூப்பிடுவது? கைக்கெட்டுகிற ஆள் காண்ட்ராக்டர்தான். ஆனால் சம்பளப் பாக்கியாலோ அடிதடியாலோ அந்த இளைஞர் பயப்படுவது அவரைப் பார்த்தே இருக்கலாம். அதனால் ஒரே அறையில் தங்கியிருப்பவரையோ, செக்கிங்கில் வேலை செய்யும் அதே ஊர்க்காரரையோ தேடுவது நல்லது. பெண் தொழிலாளி என்றால் பெண் காவலர் இல்லாமல் கிட்டே போகக் கூடாது.

அடுத்த பாடத்தை மருத்துவர் நடத்த வேண்டும். கத்துகிறவர் எல்லாருக்கும் மனநோய் என்றில்லை. தினமும் குடித்தவர் இரண்டு நாள் ரயிலில் குடிக்காமல் வந்து இறங்கினால், மூன்றாம் நாள் வாக்கில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், இல்லாத உருவங்கள் தெரியும். இது உயிரைப் பறிக்கக் கூடிய நிலை. சர்க்கரை இறங்கியவர், தலையில் அடிபட்டவர், கடும் காய்ச்சல்காரர், ஒன்றரை ஷிப்ட் தொடர்ந்து பார்த்துத் தூக்கமே இல்லாதவர் என்று எல்லாரும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பார்கள். “போதை தெளியட்டும்” என்று ஒரு மூலையில் உட்கார வைப்பது இவர்களில் சிலரைக் கொன்றுவிடும்.

பிடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றக் கூடாது. மூச்சு நின்றுவிடும். கை கால்களைப் பிடித்து ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒருவர் முகத்தையும் மூச்சையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வண்டி முடிந்தவரை 108-ஆக இருக்கட்டும். தெரிந்த முகம் ஒன்று கூடவே போகட்டும். அவருடைய பையும் செல்போனும் தவறாமல் போக வேண்டும். வீட்டு நம்பர் பெரும்பாலும் அந்தப் போனில்தான் இருக்கும்.

மருத்துவமனையில் சேர்த்ததோடு ஸ்டேஷனின் வேலை முடியாது. உள்நோயாளியாகச் சேர்க்கத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னால், அவரைத் தங்குமிடத்தில் கொண்டுபோய் விடுவதும், வீடில்லாதவரை அரசுக் காப்பகத்தில் சேர்ப்பதும் போலீசின் பொறுப்பு. திரிந்துகொண்டிருந்தவர் என்றால் காணாமல் போனவராக முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். இதுவும் அதே பிரிவு 100-ல் இருக்கிறது. முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்குச் சென்னை மாநகரக் காவல்துறை 2021-ல் தொடங்கிய ‘காவல் கரங்கள்’ இருக்கிறது. தெருவில் கிடந்தவர்களைத் தொண்டு அமைப்புகளோடு சேர்ந்து மீட்டு, வெளிமாநிலத்தவர்களையும் அவரவர் வீட்டில் சேர்த்திருக்கிறார்கள். இடையில் நிருபர்களுக்குப் படம் கொடுக்கும் பழக்கத்தை விட வேண்டும். சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமில்லாமல் ஊடகங்களுக்குத் தரக் கூடாது என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 24.

கடைசியாக, ரைட்டர் மேசைக்கு மேல் ஓர் அட்டை: வார்டு எண், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண், இந்தி, ஒடியா, வங்காளம், அசாமி பேசத் தெரிந்த ஆட்களின் எண்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் சரிபார்க்க வேண்டும். காவலர்கள் டிரான்ஸ்ஃபரில் போகிறார்கள் என்பது ஒரு காரணம். தீபாவளிக்கும் சட் பூஜைக்கும் ஊருக்குப் போகிற மொழிபெயர்ப்பாளர்களில் பலர் வேறு கம்பெனிக்கு, வேறு நம்பரோடு திரும்பி வருகிறார்கள் என்பது இன்னொன்று.