அழாத குழந்தை சமத்துக் குழந்தை அல்ல

கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருடம் கோயில், கருத்தரிப்பு மையம் என்று அலைந்து, பிறகு தத்தெடுப்புக்குப் பதிந்து, அதிலும் மூன்று நான்கு வருடம் காத்திருந்து ஒரு குழந்தையைக் கூட்டி வருகிறார்கள். ஒன்றரை வயது, இரண்டு வயது. ஒடிசாவிலிருந்து, ஜார்க்கண்டிலிருந்து, சத்தீஸ்கரிலிருந்து. ஒரு தலைமுறைக்கு முன் திருப்பூர்ப் பக்கம் தத்து என்றால் அண்ணன் பிள்ளை, தங்கை பிள்ளை என்று சொந்தத்துக்குள் முடிந்துவிடும். இப்போது மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் (காரா) இணையதளம் வழியாக எந்த மாநிலக் குழந்தையும் பல்லடத்துக்கும் அவிநாசிக்கும் வரலாம். நல்ல மாற்றம்தான்.

ஆனால் வருடக்கணக்கில் ஓடியாடியவர்கள், காய்ச்சல் கண்ட குழந்தையைக் குழந்தை மருத்துவர்களான எங்களிடம் கொண்டுவர மட்டும் ஐந்து நாள் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குள் மெடிக்கல் கடை சிரப் இரண்டு, தொக்கம் எடுப்பவர் ஒருவர், மந்திரிப்பு ஒன்று எல்லாம் முடிந்திருக்கும். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அழவே இல்லைங்க டாக்டர். சமத்தாப் படுத்திருந்துச்சு."

சத்தமில்லாத வலி

குழந்தைகள் இல்லத்தில் ஓர் ஆயாவின் பொறுப்பில் பல குழந்தைகள். ஒன்று அழும்போது அவர் இன்னொன்றுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அழுதும் யாரும் வராத குழந்தை சில மாதங்களில் அழுவதையே விட்டுவிடுகிறது. வலி அப்படியே இருக்கும். 1989ல் ருமேனியாவில் சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்த பிறகு அங்கிருந்த அனாதை விடுதிகளுக்குள் போனவர்கள் பலர், வரிசையாகத் தொட்டில்கள் இருந்தும் அழுகுரலே கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே இந்தக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்பதை அழுகையை வைத்து அறிய முடியாது. தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். நெற்றியில் கையை வைத்து "கதகதன்னு இருக்கு" என்பது கணக்கில் வராது. சளி, இருமல் இருந்தால் தூங்கும்போது சட்டையை விலக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு நாற்பதோ அதற்கு மேலோ இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். வெகுநேரமாகச் சிறுநீர் போகவில்லை, காதைத் தொட்டால் தலையை இழுத்துக்கொள்கிறது, ஒரு காலை ஊன்ற மறுக்கிறது, வழக்கத்தைவிட அதிகம் தூங்குகிறது என்றால் அன்றைக்கே வாருங்கள். "நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சு வர்றோம்" வேண்டாம்.

இதே சமத்துக் குழந்தை சில வாரங்களிலோ மாதங்களிலோ திடீரென்று ஓயாமல் அழ ஆரம்பிக்கும். இடுப்பை விட்டு இறங்காது. அம்மா குளிக்கப் போனால் கதவைத் தட்டும். யார் கண் பட்டதோ என்று மிளகாய் சுற்றிப் போடுவார்கள். சுற்றுங்கள், புகையை மட்டும் குழந்தையின் மூச்சில் ஏற்றாதீர்கள். எனக்கு அந்த அழுகை நல்ல செய்தி. அழுதால் ஆள் வரும் என்று அது நம்பத் தொடங்கிவிட்டது.

மறைக்கிற வரலாறு

"குடும்பத்தில் யாருக்காவது இழுப்பு உண்டா?" என்று கேட்கிறேன். "எங்க அப்பாருக்கு இருந்துச்சுங்க" என்கிறார் அம்மா. அவருடைய தாத்தாவின் ஆஸ்துமாவை எழுதிக்கொண்டு நான் வைத்தியத்தைத் தொடங்குவேன். தத்துப் பிள்ளை என்ற விஷயம் மூன்றாவது வருகையில்தான் வெளியே வரும். வெளியே காத்திருப்பவர்களில் சொந்தக்காரர் இருப்பார், நர்ஸ் பக்கத்துத் தெருக்காரராக இருப்பார். தயக்கம் புரிகிறது. தனியாகப் பேச வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுகிறோம்.

குழந்தை எங்கிருந்து வந்தது என்பது மருத்துவத் தகவல். இங்கே மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் நாங்கள் முதலில் டெங்குவை நினைப்போம். ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் காட்டுப் பகுதிகளில் மலேரியா இன்னும் இருக்கிறது. அதில் பைவேக்ஸ் வகைக் கிருமி கல்லீரலில் மாதக்கணக்கில் பதுங்கியிருந்து, குழந்தை திருப்பூருக்கு வந்து நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும்போது காய்ச்சலாகக் கிளம்பும். ஊர் தெரியாவிட்டால் அதைச் சோதிக்கத் தோன்றாது. அரிவாள் செல் ரத்தசோகையும் தலசீமியாவும் அப்படித்தான். மத்திய இந்தியப் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் நோய் பரவலாக இருப்பதால்தான் 2023ல் அதற்கென்றே ஒரு தேசிய இயக்கம் தொடங்கினார்கள். வெளுத்திருக்கிறதே என்று நீங்களாகவே இரும்புச் சத்து டானிக் வாங்கி ஊற்றுவது, தலசீமியாக் குழந்தைக்கு உதவாது. உடம்பில் இரும்பைச் சேர்த்துக் கெடுதல்கூடச் செய்யும்.

காரா மூலம் வரும் குழந்தைக்கு மருத்துவ அறிக்கை ஒன்று இருக்கும். குழந்தையின் விவரம் வந்த 48 மணி நேரத்துக்குள் நீங்கள் அந்தக் குழந்தையை உங்களுக்கென ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு முடிவெடுக்க 30 நாள் உண்டு. அந்த நாட்களில் அறிக்கையை உங்களுக்குத் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் காட்டலாம். பலர் காட்டுவதில்லை. போட்டோவைப் பார்த்து மனம் நிறைந்துவிடுகிறது.

அறிக்கையே இல்லாமல் வரும் குழந்தைகளும் உண்டு. 2019ல் ராசிபுரத்தில் அம்பலமான குழந்தை விற்பனை நினைவிருக்கும். புரோக்கர் வழியே வரும் குழந்தைக்குப் பிறந்த எடை தெரியாது, தாய்க்கு எச்.ஐ.வி. சோதனை நடந்ததா தெரியாது. சட்டத்தை வக்கீல்கள் சொல்வார்கள். மருத்துவராக நான் சொல்வது, இருட்டில் வைத்தியம் பார்க்க வைக்காதீர்கள்.

பூச்சி, சீர், தொக்கம்

இனி, திண்ணை வைத்தியத்துக்கு வருவோம்.

"தட்டு வெச்சா நிறுத்தாமத் திங்குது, வயித்துல பூச்சி." ஒரு மாதத்தில் மூன்று முறை பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. வயதுக்கேற்ற அளவில், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும். குழந்தை அளவில்லாமல் தின்பதற்கு, அடுத்த வேளை வருமா என்ற சந்தேகம் காரணமாக இருக்கலாம். பிஸ்கெட்டைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும், தலையணைக்கு அடியில் வைக்கும். திட்டாதீர்கள். கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்ன டப்பாவில் வாழைப்பழமோ பொரியோ எப்போதும் இருக்கட்டும். பசி தீராதோ என்ற பயம் சில மாதங்களில் தானாக அடங்கும்.

"எலும்பும் தோலுமா இருக்கு, சீர் தட்டியிருக்கு." தாயத்து கட்டிக்கொள்ளுங்கள், நான் அவிழ்க்கச் சொல்லமாட்டேன். அதைக் கட்டிவிட்டோம் என்று இரண்டு மாதம் சும்மா இருப்பதுதான் கோபம் வரவழைக்கிறது. எடை ஏறாததற்குக் காசநோய் காரணமாக இருக்கலாம், குடலில் ஜியார்டியா கிருமி இருக்கலாம், தைராய்டு குறைவு இருக்கலாம். தாயத்துக்கு இவை எதுவும் தெரியாது.

"தொண்டையில சோறு சிக்கியிருக்கு, தொக்கம் எடுக்கணும்." தொண்டையில் நாள்கணக்கில் சோறு சிக்கியிருந்தால் குழந்தை மூச்சு விட முடியாது. எடுப்பவர் காட்டும் சோற்றுப் பருக்கை எங்கிருந்து வந்தது என்று நீங்களே யோசியுங்கள். விடுதியில் கரைத்த கஞ்சியும் பாட்டில் பாலுமாக வளர்ந்த குழந்தைக்கு மெல்லவே தெரியாது. இட்லியைக் கூடத் துப்பும். குழைந்த பருப்புச் சாதத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கெட்டியாக்குங்கள். குடல் ஏறிவிட்டது என்று தலைகீழாகப் பிடித்துத் தட்டுவதும் வயிற்றை உருவிவிடுவதும் இன்னும் நடக்கின்றன. தயவுசெய்து வேண்டாம்.

கழுதைப் பால். தெருவில் கழுதையோடு வருபவரிடம் ஒரு சங்கு வாங்கிப் புகட்டினால் குரல் நன்றாக வரும், சளி வராது என்கிறார்கள். அது காய்ச்சாத பால். விடுதியிலிருந்து வந்த மெலிந்த குழந்தைக்கு அதில் உள்ள கிருமிகள்தான் லாபம்.

பசும்பாலுக்கும் இங்கே அளவே கிடையாது. தேற வேண்டும் என்று ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் ஊற்றுகிறார்கள். வயிறு பாலிலேயே நிரம்பிவிடும், சோறு இறங்காது, மலம் இறுகும், ரத்தசோகை வரும். அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். முட்டை, பருப்பு, கீரை, ராகிக் களி கொடுங்கள்.

பசி டானிக் விஷயத்தில் அமுச்சிமார்களிடம் (பாட்டிகளிடம்) தோற்றுப்போயிருக்கிறேன். அதில் உள்ள சைப்ரோஹெப்டடின் குழந்தையைத் தூங்கவைக்கும். எடை ஏறுவதைப் பந்தயமாக ஆக்காதீர்கள். ஸ்வீடனுக்குத் தத்துப் போன இந்தியப் பெண் குழந்தைகளைப் பற்றி 1991ல் ஓர் ஆய்வு வெளியானது. சத்தான உணவு கிடைத்ததும் மளமளவென்று வளர்ந்த அவர்கள், சராசரியாகப் பதினொன்றரை வயதையொட்டியே பூப்பெய்தினார்கள், எதிர்பார்த்ததைவிட முன்னதாக. வளர்ச்சி முன்கூட்டியே நின்றதால் சிலர் குட்டையாகவும் நின்றுவிட்டார்கள். நன்றாக ஊட்டத்தான் வேண்டும். பெண் குழந்தையின் உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து பாருங்கள். எட்டு வயதுக்கு முன் மார்பு வளர்ந்தால் காட்டுங்கள்.

"ரெண்டு வயசாச்சு, பேச்சே இல்ல, நாக்குல வசம்பு தேய்ங்க." அதுவரை கேட்ட மொழி ஒரே நாளில் காணாமல் போன குழந்தை அது. நாக்கில் கோளாறு இல்லை. காது கேட்கிறதா என்று மட்டும் சோதித்துவிட்டு, பேசிக்கொண்டே இருங்கள். நம் ஊரில் ஒரு வசதி உண்டு: பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் பக்கத்தில் நிற்கும் ஒடிசாப் பெண்ணிடம் தண்ணீர், பசி, வலி, தூக்கம் என்று இருபது சொல் கேட்டுப் பழகிக்கொள்ளலாம். எந்தப் புத்தகத்தையும்விட அவர் நன்றாகச் சொல்லித் தருவார்.

கடைசியாக, "யார் கூப்பிட்டாலும் போகுது, நல்ல குணம்." முன்பின் தெரியாதவர் மடியில் தயங்காமல் ஏறி உட்காரும் குழந்தைக்குத் தன் ஆள் யார் என்று இன்னும் பிடிபடவில்லை. முதல் சில மாதம் சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அம்மா அப்பா மட்டும் செய்யுங்கள். ருமேனியாவின் புகாரெஸ்டில் நடந்த நீண்டகால ஆய்வில், இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போன குழந்தைகள் மிக நன்றாகத் தேறினார்கள்.

மெடிக்கல் கடை டாக்டர்கள்

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பகுதியில் இருமல் சிரப் குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதையொட்டி மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்தே கூடாது என்றும், ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்றும் அறிவுறுத்தியது. செய்தியைப் பார்த்து உச்சுக்கொட்டியவர்களே அடுத்த வாரம் பெயர் தெரியாத சிரப்போடு வந்து நிற்கிறார்கள். கேட்டால், "ராத்திரி நல்லாத் தூங்குதுங்க." தூங்கவைக்கத்தான் கொடுத்தீர்களா?

இன்னொன்று. பாட்டிலில் "2 வயதுக்கு 5 மில்லி" என்று போட்டிருப்பது சராசரி எடைக் குழந்தைக்கு. தத்துக் குழந்தையின் வயதே பல நேரம் பல்லையும் எலும்பையும் பார்த்து மதிப்பிட்டது. எடை எட்டு கிலோதான் இருக்கும். காய்ச்சல் மருந்தைக்கூட எடைக்குத்தான் கணக்கிட வேண்டும். ஒரே பெயரில் இரண்டு மூன்று அடர்த்திகளில் சிரப் வருவது வேறு.

விடுதியிலிருந்து வரும் குழந்தைகளிடம் சிரங்கு சகஜம். விரல் இடுக்கில் அரிக்கும். வேர்க்குரு என்று எண்ணி, கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவுகிறார்கள். அரிப்பு அடங்கும், சிரங்குப் பூச்சி பெருகும், பிறகு வீடு முழுக்கச் சொறியும். சரியான மருந்தை வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும்.

பீரோவில் போடும் பாச்சை உருண்டையையும் எடுத்துவிடுங்கள். ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு நாப்தலின் நெடியே ரத்த அணுக்களை உடைக்கலாம். கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுத்துப்போகும். அதை மஞ்சள் காமாலை என்று நாட்டு மருந்துக்கு ஓடியவர்கள் இருக்கிறார்கள்.

சோதனைகள்

குழந்தை வந்ததும் நாங்கள் சோதிப்பவை: ரத்த அணுக்கள், ஹீமோகுளோபின் வகை, ஜி-6-பி-டி, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ்-பி, சிபிலிஸ், காசநோய், தைராய்டு, மலம், கண், காது. விடுதியில் எடுத்திருந்தாலும் சிலவற்றைத் திரும்ப எடுப்போம். தடுப்பூசி அட்டை இல்லையென்றால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு போடுவோம். கூடுதலாக ஒரு டோஸ் விழுவதால் கெடுதல் இல்லை.

கெஞ்சிக் கேட்கிறேன்

குழந்தை வந்த மாதமே குலதெய்வக் கோயிலில் மொட்டை, காதுகுத்து, கிடாவெட்டு என்று ஊரைக் கூட்டாதீர்கள். இருநூறு பேர் மடி மாறிய குழந்தை சளியோடும் பயத்தோடும் திரும்பும். காத்திருந்த சந்தோஷம் தெரியாமல் சொல்லவில்லை. மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

பனியன் கம்பெனி நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மகப்பேறுச் சட்டத்தை 2017ல் திருத்தியபோது தத்தெடுக்கும் தாய்க்கு 12 வாரம் விடுப்பு தந்தார்கள், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையாக இருந்தால். ஒன்றரை வயதுக் குழந்தையைக் கூட்டி வந்தவருக்கு அந்தத் திருத்தத்தில் இடம் இருக்கவில்லை. இரண்டாவது வாரமே ஓவர்லாக் மிஷினுக்குத் திரும்பிவிட்டு, குழந்தையைப் பக்கத்து வீட்டில் விடுகிறார்கள். குழந்தைக்கு அது இன்னொரு விடுதி. சட்டம் என்ன சொன்னாலும், ஷிப்மெண்ட் நெருக்கடி இருந்தாலும், மூன்று மாதம் கொடுங்கள்.

பெற்றோர்களே, குழந்தை வீட்டுக்கு வந்த இரண்டு வாரத்துக்குள், நோய் எதுவும் இல்லாவிட்டாலும், ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். விடுதி கொடுத்த கோப்பில் பாதி ஒடியாவில் இருந்தாலும் முழுதாகக் கொண்டு வாருங்கள். மெடிக்கல் கடையில் வாங்கியதெல்லாம் ஒரு பையில் வரட்டும், காலி பாட்டில் உட்பட. திட்டமாட்டோம். எதைக் கொடுத்தீர்கள் என்று மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள்.