மருந்து அடித்த பிறகு புகையான் ஏன் பெருகுகிறது?

ஊரிலிருந்து அப்பா வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்புகிறார். பச்சை நெல் வயலின் நடுவே வட்டமாக ஒரு திட்டு மட்டும் தீயில் புகைந்த மாதிரி காய்ந்து நிற்கிறது. பின்னாலேயே வாய்ஸ் மெசேஜ்: “புகையான் விழுந்துடுச்சுப்பா. போன வாரம்தான் மருந்து அடிச்சேன். இன்னொரு ரவுண்டு அடிக்கணும், கொஞ்சம் பணம் போட்டுவிடு.”

ஜிபே-யைத் திறக்கும் முன் ஒரு கேள்வி. போன வாரம் மருந்து அடித்தும் பூச்சி எப்படி வந்தது? பல வயல்களில், அடித்த மருந்தே அதற்குக் காரணமாக இருக்கிறது.

புகையான் அரிசி மணியைவிடச் சிறிய, பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. தண்ணீருக்குச் சற்று மேலே, தூரின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். ஒரு பெண் பூச்சி சுமார் 200 முட்டைகளை இலையுறைக்குள் செருகி வைக்கும். அந்த முட்டை பொரித்து, வளர்ந்து, அடுத்த முட்டை இட ஏறக்குறைய ஒரு மாதம் போதும். எல்லாம் பிழைத்து, பாதி பெண்ணாக இருந்தால், ஒரே பூச்சியிலிருந்து மூன்றாவது தலைமுறையில் 20 லட்சம் வந்துவிடும்.

நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. நடுவில் ஆள் இருக்கிறது.

சிலந்தியின் சாப்பாட்டுக் கணக்கு

நெல் வயலில் ஓநாய் சிலந்தி என்று ஒன்று உண்டு. வலை பின்னி உட்கார்ந்திருக்காது, தண்ணீர் மேலேயே ஓடி வேட்டையாடும். ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சிகளைத் தின்னும். மிரிட் நாவாய்ப்பூச்சி என்ற பச்சை நிறச் சிறிசு, இலையுறைக்குள் ஒளித்து வைத்த முட்டையையே தேடி உறிஞ்சிவிடும். நாளைக்கு 7 முதல் 10 முட்டை.

ஆனால் சிலந்திக்கும் வயிறு ஒன்றுதான். புகையான் பத்து இருபதாக இருக்கும்போது சிலந்தி சமாளிக்கும். ஆயிரக்கணக்கில் ஆனபின் எவ்வளவு தின்றாலும் பற்றாது. ஆட்டம் முடிவாவது ஆரம்ப வாரங்களில்.

அந்த வாரங்களில் மருந்து அடித்தால் என்ன ஆகும்? வெளியே ஓடித் திரியும் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் முதலில் சாகும். இலையுறைக்குள் இருக்கும் முட்டைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஏழெட்டு நாளில் அது பொரித்து வெளியே வரும்போது வயலில் எதிரியே இல்லை. சிலந்தி மறுபடி பெருக நாளாகும், புகையானுக்கு அந்த அவகாசம் தாராளம். டெல்டாமெத்ரின் போன்ற சில மருந்துகள் புகையானை அதிக முட்டையிடவே தூண்டுகின்றன என்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

இன்னொரு சுவாரசியமும் உண்டு. நட்ட புதிதில் புகையானே இல்லாதபோது சிலந்தி எதைத் தின்று உயிர் வாழ்கிறது? வயல் சேற்றில் மக்கும் குப்பையைத் தின்னும் கொசு போன்ற பூச்சிகளை. பயிருக்கு இவற்றால் ஒரு தொந்தரவும் இல்லை. இந்தோனேசியாவின் ஜாவாவில் நடந்து 1996-ல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. ‘முன்னெச்சரிக்கையா ஒண்ணு அடிச்சு வைப்போம்’ என்று நாம் அடிப்பது இந்தச் சாப்பாட்டையும் சேர்த்துக் காலி செய்துவிடும்.

அதே இந்தோனேசியா பெரிய விலை கொடுத்துத்தான் இதைக் கற்றது. 1984-ல் அரிசியில் தன்னிறைவு அடைந்த நாடு அது. மருந்துக்கு அரசே பெரும் மானியம் கொடுத்தது. அடுத்த ஓரிரு ஆண்டில் ஜாவா முழுக்கப் புகையான் பரவியது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ, நெல்லில் 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார். மானியமும் சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. அதனால் விளைச்சல் சரிந்துவிடவில்லை.

அப்போ மருந்தே வேண்டாமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. புகையான் எல்லை மீறினால் சிலந்தியை மட்டும் நம்பி இருந்தால் வயல் போய்விடும். எல்லை எது என்பதற்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தூருக்கு 1 பூச்சி இருந்தால் மருந்து. ஆனால் குத்துக்கு 1 சிலந்தி இருந்தால், தூருக்கு 2 பூச்சி வரும்வரை பொறுக்கலாம். அதாவது, ஒரு சிலந்தி இருந்தாலே எல்லை இரண்டு மடங்காகிறது.

எனவே அப்பாவிடம் முதலில் கேட்க வேண்டியது மருந்தின் பெயரை அல்ல. “வயல்ல இறங்கி நாலஞ்சு இடத்துல குத்தைத் தட்டிப் பாத்தீங்களா? பூச்சி எத்தனை, சிலந்தி எத்தனை?” யூரியா அளவுக்கு மேல் போயிருக்கிறதா என்றும் கேளுங்கள். தழைச்சத்து ஏறிய பயிர் புகையானுக்கு விருந்து. தண்ணீரை வடித்து, வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் பெருக்கம் குறையும். அடுத்த நடவில் எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டால் அடித்தூருக்கு வெயிலும் காற்றும் போகும்.

எண்ணிப் பார்த்து எல்லை தாண்டியிருந்தால் பணம் அனுப்பத்தான் வேண்டும். செயற்கை பைரித்ராய்டு வகை மருந்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடிக்கும் முன் தண்ணீரை வடிக்கணும். மருந்து இலை மேல் அல்ல, தூரின் அடியில் படணும்.