பழைய பெட்டிகள் – 11: வேகம் பிடிக்காத ரெக்கார்டர்

சென்ற வாரம் வீவக வீட்டு ஸ்டோர் ரூமிலிருந்து டிவிடி ரெக்கார்டரை இறக்கி, தூசி தட்டி, டிரே திறந்து மூடுகிற வரைக்கும் வந்தாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இங்கே இடம் குறைவு.

இந்த வாரத்துக்கு வாக்களிக்கப்பட்டது டிஸ்க். அழித்து அழித்து எழுதக்கூடிய, அந்தக் கிழட்டுப் பெட்டி முரண்டு பிடிக்காமல் ஏற்றுக்கொள்கிற டிஸ்க். கேட்பதற்கு ஒரு சாயங்கால வேலை போலத்தான் இருக்கிறது. தேக்கா பக்கம் கேட்டால் கடைப்பையன், "இப்ப யாருண்ணே டிஸ்க் கேக்குறா? தம்ப் டிரைவ் தரவா?" என்பான். சிம் லிம் ஸ்குவேரின் ஆறு மாடியும் ஏறி இறங்கினால் சிசிடிவி கேமராவும் கேமிங் கம்ப்யூட்டரும் கண்ணில் படுகிற அளவுக்கு வெற்று டிஸ்க் படாது. எங்காவது கீழ்த்தட்டில் ஒரு பொட்டலம் அகப்பட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால், பெட்டி கொஞ்ச நேரம் முனகிவிட்டு 'இந்த டிஸ்க்கில் பதிய முடியாது' என்று திரையில் காட்டும். டிஸ்க்கோ புதுசு. கீறல் இல்லை. பெயர்பெற்ற பிராண்டு.

பெரும்பாலும் குறை வேகத்தில் இருக்கிறது. பொட்டலத்தின் மேல் 4எக்ஸ், 6எக்ஸ், 8எக்ஸ் என்று அச்சிட்டிருக்கிறார்களே, அது. எண் கூடக் கூடச் சரக்கு நல்லது என்று நினைப்பது இயல்பு. கம்ப்யூட்டருக்கு அது சரி. 2000-களின் தொடக்கத்தில் வந்த வீட்டு ரெக்கார்டருக்குக் கணக்கு தலைகீழ். டிவிடியில் 1எக்ஸ் என்றால் விநாடிக்குச் சுமார் 11 மெகாபிட். டிவிடி வீடியோவின் உச்சவரம்பே 10 மெகாபிட்டை ஒட்டித்தான். தொலைக்காட்சியில் ஓடுவதை ஓடுகிற வேகத்திலேயே பதிகிற பெட்டிக்கு 1எக்ஸுக்கு மேல் தேவையே கிடையாது. ஒரு மணி நேரப் படத்தைப் பதிய ஒரு மணி நேரம் ஆகும். அதற்கு எட்டு மடங்கு வேகமான டிஸ்க் எதற்கு? அந்தப் பந்தயம் முழுவதும் கம்ப்யூட்டர்க்காரர்களுக்காக நடந்தது. தேவையில்லாத வேகம் சும்மா இருந்துவிட்டுப் போகட்டுமே என்றால், அது சும்மா இருப்பதில்லை.

அழித்து எழுதும் டிஸ்க்கின் உள்ளே இருப்பது ஓர் உலோகக் கலவைப் படலம். வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெல்லூரியம் சேர்ந்தது ஒரு வகை. ஜெர்மேனியம், ஆன்டிமனி, டெல்லூரியம் இன்னொரு வகை. லேசர் ஒரு புள்ளியை உருக்கிச் சட்டென்று ஆறவிட்டால் அணுக்கள் ஒழுங்கில்லாமல் உறைந்து, அந்த இடம் ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்பும். அதே புள்ளியை மிதமாகச் சூடாக்கினால் அணுக்கள் வரிசைக்கு வந்து மறுபடி பளபளக்கும். எழுதுவதும் அழிப்பதும் இவ்வளவுதான். வேகமாகச் சுழலும் டிஸ்க்கில் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் நேரம் குறைவு. அதற்குள் வரிசைக்கு வந்தாக வேண்டும் என்பதால் கலவையையே மாற்றுகிறார்கள். கலவை மாறினால் எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் லேசரை அடிக்க வேண்டும் என்ற பக்குவமும் மாறும். டிஸ்க்கின் உள்வளையத்தில் தயாரிப்பாளரின் குறியீடும் இந்தப் பக்குவமும் பொறிக்கப்பட்டிருக்கும். பெட்டி முதலில் அதைப் படித்துப் பார்க்கிறது. 2003-ல் செய்த பெட்டிக்கு 2006-ல் வந்த பக்குவம் எப்படித் தெரியும்?

(இந்தப் படிகம் மாறும் வித்தைக்குப் பின்னால் ஸ்டான்ஃபோர்ட் ஓவ்ஷின்ஸ்கி என்றொரு அமெரிக்கர் இருக்கிறார். ஒஹாயோ மாநிலம் ஆக்ரனில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பு கிடையாது. லேத் பட்டறையிலிருந்து வந்தவர். ஒழுங்கற்ற அணுக்கட்டமைப்பு கொண்ட பொருள்களை மின்சாரத்தால் இப்படியும் அப்படியும் மாற்றலாம் என்று 1968 நவம்பரில் இயற்பியல் ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். ஹைபிரிட் கார்களில் பரவிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பேட்டரியும் அவர் பட்டறைச் சரக்குதான். அவருக்கு ஓர் அத்தியாயம் தர வேண்டும், பார்க்கலாம்.)

தெரியாத டிஸ்க்கைப் பெட்டி மறுத்துவிட்டால் நல்லது. மறுக்காமல் போனதும் உண்டு. ஒருமுறை மட்டும் எழுதும் 4எக்ஸ் டிவிடி-ஆர், அழித்து எழுதும் 2எக்ஸ் டிவிடி-ஆர்டபிள்யூ டிஸ்க்குகள் கடைக்கு வந்த 2002, 2003 வாக்கில் பயனியர் நிறுவனமே ஓர் எச்சரிக்கை விட்டது: புது அதிவேக டிஸ்க்கைப் பழைய டிரைவில் போட்டால் டிரைவே பழுதாகலாம், முதலில் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள் என்று. அதே டிரைவைச் 'சூப்பர்டிரைவ்' என்ற பெயரில் தன் கம்ப்யூட்டர்களில் வைத்திருந்த ஆப்பிளும் அவசரமாக ஒரு மென்பொருளை வெளியிட வேண்டியதாயிற்று. கவனிக்க வேண்டியது, அன்றைக்கு 'அதிவேகம்' என்று பயமுறுத்தியது 2எக்ஸ், 4எக்ஸ்.

அடுத்தது டிஸ்க்கின் பெயரில் வரும் குறிகள். கூட்டலா, கழித்தலா என்ற பழைய பஞ்சாயத்து. முதல் வீட்டு டிவிடி ரெக்கார்டரான பயனியர் டிவிஆர்-1000, 1999 டிசம்பரில் ஜப்பானில் வந்தது; அது கழித்தல் கட்சி, டிவிடி-ஆர்டபிள்யூ. 2000-ல் பேனசோனிக் டிஎம்ஆர்-இ10 டிவிடி-ரேமோடு வந்தது. 2001-ல் பிலிப்ஸ் டிவிடிஆர்1000, கூட்டல் குறியோடு. மூன்று கட்சிக்கும் டிஸ்க் ஒரே 12 சென்டிமீட்டர், ஒரே 4.7 ஜிகாபைட். பார்வைக்கு ஒன்று, பெட்டிக்கு மூன்று. சோனி 2003-ல் ஆர்டிஆர்-ஜிஎக்ஸ்7 பெட்டியில் இரண்டு குறிகளையும் ஏற்ற பிறகுதான் சமாதானம் மெல்லப் பரவியது. ஆகவே ஸ்டோர் ரூம் பெட்டியின் நெற்றியில் என்ன சின்னம் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது முதல் வேலை. பேனசோனிக்கின் இ50 மாதிரியான பெட்டியில் ஆர்டபிள்யூ டிஸ்க்கில் பதிய வழியே இல்லை. அழித்து எழுத வேண்டுமானால் ரேம் ஒன்றுதான்.

கூட்டல் கட்சியின் ஆதி டிஸ்க்குகள் 2.4எக்ஸ், பிறகு 4எக்ஸ். 8எக்ஸ் கூட்டலைப் பழைய பெட்டிகளால் எழுத முடியாது. கழித்தலில் 1எக்ஸ், 2எக்ஸ் உத்தமம், 4எக்ஸ் பெட்டியின் வயதைப் பொறுத்தது, 6எக்ஸ் பல பழைய பெட்டிகளுக்கு ஆகாது. ரேமில் 2எக்ஸ், 3எக்ஸ் போதும்; 12எக்ஸைத் தொட வேண்டாம். ரேம் சில சமயம் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வரும். வகை 2, வகை 4 கூடுகளைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுக்கலாம். வகை 1 அப்படி எடுப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. கூட்டோடு விழுங்குகிற பெட்டியா, வெறும் டிஸ்க் மட்டும் கேட்கிற பெட்டியா என்று டிரேயைப் பார்த்தாலே தெரியும்.

இத்தோடு நிறுத்திக்கொண்டு கடைகளுக்குப் போயிருக்கலாம். போகவிடாமல் பிடித்துவைத்தது பொட்டலத்தின் பின்பக்கப் பொடி எழுத்து.

டிஸ்க் உலகில் உறைமேல் இருக்கும் பெயர் ஒன்று, செய்தவர் பெயர் வேறு. தைவானின் சிஎம்சி, ரைடெக் மாதிரி சில ஆலைகள் செய்து கொடுக்க, உலகத்து பிராண்டுகள் தம் பெயரை ஒட்டி விற்றன. அப்போது ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் குழுமத்திடம் இருந்த வெர்பேட்டிம் பிராண்டு டிஸ்க்குகளை எடுத்துப் புரட்டினால் ஒரே மாதிரிப் பெட்டிகளில் தைவான் என்றிருக்கும், இந்தியா என்றிருக்கும், சிங்கப்பூர் என்றும் இருக்கும். ஆமாம், சிங்கப்பூரில் மிட்சுபிஷிக்கு டிஸ்க் ஆலை இருந்தது. டிஸ்க் பித்தர்கள் ஐரோப்பாவில் உட்கார்ந்துகொண்டு 'சிங்கப்பூர் சரக்கு' என்று தேடித் தேடி வாங்கிய காலம் அது. இங்கே செய்த பண்டத்தை இன்று இங்கேயே தேடி அலைய வேண்டியிருக்கிறது.

இந்தியா என்று அச்சிட்டிருந்தால் செய்தது யார்? ஏறக்குறைய எப்போதும் ஒரே விடை: நொய்டாவின் மோசர் பேயர்.

தமிழர் வீட்டில் அந்தப் பெயருக்கு அறிமுகம் தேவையில்லை. 2007-ல் 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று போட்டுத் திருட்டு விசிடிக்காரர்களின் வயிற்றில் அடித்தார்களே, அவர்கள்தான். ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் மிக்சர், முறுக்கோடு அந்த மெல்லிய உறை டிவிடிகளையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். 2008-ல் 'பூ', சேரன் நடித்த 'ராமன் தேடிய சீதை' படங்களின் தயாரிப்பிலும் அந்தப் பெயர் வந்தது. ஆனால் படம் விற்றது கடைசிக் காலத்துக் கதை. தீபக் புரி 1983-ல் நிறுவனத்தைத் தொடங்கியபோது செய்தது, ஆலைத் தொழிலாளர்கள் வரும் நேரம், போகும் நேரத்தை அட்டையில் குத்துகிற கடிகாரம். ஸ்விட்சர்லாந்தின் சுமிஸ்வால்டில் இருக்கும் மோசர் பேயர் என்ற கடிகாரக் கம்பெனியும் ஜப்பானின் மருசென்னும் தொழில்நுட்பம் தந்தன. அந்த ஸ்விஸ் பெயர்தான் பின்னாளில் சேரன் படத்து உறைமேல் வந்து உட்கார்ந்தது!

கடிகாரத்திலிருந்து 1988-ல் ஃப்ளாப்பிக்குத் தாவினார்கள். 1990-களின் இறுதியில் சிடி-ஆர். பிறகு டிவிடி, அதன் எல்லாக் குறிகளிலும். உலகின் மிகப்பெரிய டிஸ்க் தயாரிப்பாளர்களில் ஒருவராக வளர்ந்த கையோடு, 2007-ல் பிலிப்ஸின் ஒளித்தட்டு ஆய்வு நிறுவனமான ஓஎம்அண்ட்டியையும் வாங்கினார்கள். கூட்டல் கட்சியின் தலைவர் வீட்டு ஆய்வுக்கூடம் நொய்டாக்காரர் கைக்கு வந்தது. அதற்குள் உலகம் தம்ப் டிரைவுக்கும் இணையத்துக்கும் நகரத் தொடங்கிவிட்டது. சூரிய மின்தகட்டில் போட்ட பெரும்பணமும் கைகொடுக்கவில்லை. 2018 செப்டம்பரில் நிறுவனத்தைக் கலைத்து விற்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. மற்றவர்களும் நிலைக்கவில்லை: பித்தர்கள் கும்பிட்ட ஜப்பானின் தாயோ யூடன் 2015-ல் டிஸ்க் தொழிலை விட்டது, வெர்பேட்டிம் பிராண்டை மிட்சுபிஷி 2019-ல் சிஎம்சிக்கு விற்றது. இப்போது கடையில் கிடைக்கிற வெர்பேட்டிம் ஆர்டபிள்யூ பெரும்பாலும் 4எக்ஸ். நடுவயதுப் பெட்டிக்கு அது போதும். முதல் தலைமுறைப் பெட்டிக்குப் போதாமல் போகலாம்.

முதல் தலைமுறைப் பெட்டிக்காரர் எங்கே போவது? புதுக்கடைக்கு அல்ல. ஒருமுறை மட்டும் எழுதும் டிஸ்க்கை இரண்டாம் கையாக வாங்க முடியாது; அதில் வேறொருவர் வீட்டுக் கல்யாணம் இருக்கும். ஆர்டபிள்யூவுக்கு அந்தத் தடை இல்லை. ஆயிரம் முறை அழித்து எழுதலாம் என்று சொல்லி விற்ற டிஸ்க்கில் முந்தைய வீட்டுக்காரர் எத்தனை முறை எழுதியிருப்பார்? பத்தோ இருபதோ. ரேமுக்கு லட்சம் முறை என்பார்கள். ஆக, தேட வேண்டியது பெட்டியின் வயதை ஒத்த பழைய டிஸ்க். யாரோ சீரியல் பதிந்து மறந்துபோனது.

சுங்கை ரோடு சந்தை இருந்திருந்தால் இந்தத் தேடலே பாதியாகியிருக்கும். சிராங்கூன் சாலையிலிருந்து நடந்துபோகிற தூரம். தரையில் விரித்த தார்ப்பாயில் ரிமோட்டும் சார்ஜரும் கேசட்டும் டிஸ்க்கும் குவிந்து கிடக்கும். 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு அது மூடப்பட்டது. மிச்சம் இருப்பவை கரௌசல் செயலியும், இரண்டாம் கைக் கடைகளும், சொந்தக்காரர் வீட்டு அலமாரிகளும். மூன்றாவதுதான் சுரங்கம். "சித்தி, அந்தப் பழைய சிடி பையத் தூக்கிப் போடாதீங்க" என்று ஒரு தகவல் அனுப்பிவைப்பது நல்லது.

குவியலில் பொறுக்க ஒரு வழி. டிஸ்க்கைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால், ஊதா நிறமாகத் தெரிவது பெரும்பாலும் ஒருமுறை எழுதுவது. மங்கலான சாம்பல் வெள்ளி என்றால் ஆர்டபிள்யூ. முகம் முழுக்கச் சின்னச் சின்னச் செவ்வகக் கோடுகள் சிதறிக் கிடந்தால் அது ரேம், சந்தேகமே வேண்டாம். சிங்கப்பூர், ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிற ஊர் என்பதால், விளிம்பில் படலம் உப்பியிருக்கிறதா, பூஞ்சை படிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். படிந்ததை மையத்திலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்கலாம். வட்டமாகத் துடைக்கக் கூடாது. உப்பியது உதவாது.

கிடைத்த டிஸ்க்கை உடனே பதிவுக்குப் போடாமல் முதலில் முழுசாக அழித்து ஃபார்மட் செய்ய வேண்டும். அங்கே விஆர் முறையா வீடியோ முறையா என்று பெட்டி கேட்கும். தப்பாக அழுத்தினால் பதிந்தது வேறு பிளேயரில் ஓடாமல் போகலாம். அதோடு, 2019 பிறந்ததும் அனலாக் ஒளிபரப்பு நின்றுபோன ஊரில், ஆன்டெனாச் செருகியில் பனிமூட்டம் மட்டுமே தெரிகிற பெட்டிக்கு வசந்தம் தொலைக்காட்சியை எந்தக் கம்பி வழியாகக் கொண்டுவருவது என்பதும் பாக்கி. சிம் லிம்மில் மாடி மாடியாகப் போய்த் தர வேண்டிய கடைப் பட்டியலும் பாக்கி. மூன்றும் அடுத்த வாரம், ஓவ்ஷின்ஸ்கி குறுக்கே வராமல் இருந்தால்.

(தொடரும்)