ஆடிக்காத்து குடிச்ச காபிக்கொட்டை

தாராபுரம் பக்கம் காத்தாலைகளைச் சுத்த வைக்கிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான், மங்களூர் கடற்கரையில காபிக்கொட்டையை ஊற வைக்குது. நம்பலையா? அந்தக் காபியோட பேரே 'மான்சூன்டு மலபார்'!

பாய்மரக் கப்பல் காலத்துல நம்ம காபி, ஆப்பிரிக்காவைச் சுத்தி ஐரோப்பா போய்ச் சேர மாசக்கணக்காகும். கடல் ஈரத்துல பச்சைக்கொட்டை உப்பி, வெளுத்து, புளிப்பை இழந்துடும். அங்கே அந்த ருசிக்கே பழகிட்டாங்க. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. பயணம் சுருங்கியது, ருசியும் மாறிடுச்சு. அதனால, ஜூன் முதல் செப்டம்பர் வரை காத்தோட்டமான கிடங்குல கொட்டையைப் பரப்பி, கிளறிவிட்டு, அந்த மாற்றத்தை வேணும்னே உண்டாக்குறாங்க.

வாங்கிட்டு வந்து அம்மாயியோட இரும்பு வடச்சட்டியில வறுத்தேன். முதல் ஈடு கருகிடுச்சு! உப்பின கொட்டை லேசானது, சீக்கிரம் தீய்ஞ்சுடும். வெளுத்த நிறமும் நம்மை ஏமாத்தும். சிறுதீ வைங்க, கை நிக்காம கிளறுங்க, கண்ணை விட மூக்கை நம்புங்க.

ஒரு நாள் ஆறவிட்டு அரைச்சு, பாலும் சிக்கரியும் சேர்க்காம ஒரு வாய் குடிங்க. புளிப்பு இருக்காது, மண்வாசமும் மரவாசமும் கனமா நாக்குல நிக்கும்.

நமக்கு மழை தராமப் போற காத்துதானுங்க, டம்ளர்ல வந்து நிக்குது!